தெளிவியைக் கழற்றும் சனிக்கிழமை

எதிர்வீட்டுக் கோமளா தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தாள். பத்திரிகையை வேதநாயகியின் கையில் கொடுத்துவிட்டு, "குடும்பத்தோட அவசியம் வந்துடணும். முதல் நாளே வந்துடுங்க" என்றாள்.

வேதநாயகியின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தெளிவி அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது: "ஒருவர் வந்தால் போதும். அதுவும் சாப்பாட்டு நேரத்துக்கு."

"கண்டிப்பா வந்துடறோம். உங்க வீட்டுக் கல்யாணம் எங்க வீட்டுக் கல்யாணம் மாதிரி இல்லையா?" என்றாள் வேதநாயகி.

கோமளாவின் காதில் அவளுடைய தெளிவி சொன்னது: "வருகிற எண்ணமே இல்லை."

கோமளா மனதுக்குள் ஒரு இலையைக் குறைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு விடைபெற்றார்கள். கதவைச் சாத்தியபிறகு இரண்டு பேருக்குமே முகம் கடுகடுவென்று ஆயிற்று. செங்குடியில் இது வழக்கமான காலைதான்.

செங்குடி செவ்வாய்க் கிரகத்தில் தரைக்கு அடியில் இருக்கும் ஊர். மூவாயிரம் பேர் சுரங்க வழிகளுக்குள் வீடு கட்டி வாழ்கிறார்கள். ஊர் உண்டான புதிதில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்க வீட்டுல காத்து நல்லா வருதே" என்று சொல்லிவிட்டார். சொன்னவருக்கு அது வெறும் உபசாரம். கேட்டவரோ, தன்னைக் காற்றுத் திருடன் என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டார். பேச்சு முற்றி, இவர் குழாயை அவர் அடைக்க, அவர் குழாயை இவர் அடைக்க, அந்தச் சுரங்கம் முழுவதும் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தது. பூமியாக இருந்தால் இரண்டு தலைமுறை முகம் பார்க்காமல் இருந்து சமாளித்திருக்கலாம். இங்கே கோபித்துக்கொண்டு போவதற்கு வேறு ஊர் கிடையாது.

அதன் பிறகுதான் ஊர்ச்சபை தெளிவியைக் கட்டாயமாக்கியது. பாசிப்பயறு அளவுதான் இருக்கும். பேசுகிறவரின் குரல், முகத்தசை, நாடித்துடிப்பு எல்லாவற்றையும் நொடியில் படித்து, வாய் சொன்னதை ஒதுக்கிவிட்டு மனம் சொன்னதைக் காதில் ஓதும். எழுத்தையும் விடாது. கண் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள், எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்று சொல்லிவிடும். இனிமேல் செங்குடியில் ஒரு வார்த்தை தவறாகப் புரிந்துகொள்ளப்படாது என்று சபை பெருமையாக அறிவித்தது. அறிவித்தபடியே நடந்தது. கூடவே ஊரில் பேச்சும் குறைந்துபோயிற்று. பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்று தெரிந்தால் யார்தான் எதையாவது உள்ளே வைப்பார்கள்?

வேதநாயகிக்கு அறுபத்தொரு வயது. ஊருக்குப் பிராணவாயு கொடுக்கும் பாசிப் பண்ணையில் மேற்பார்வையாளராக இருந்தாள். மகன் சேந்தன், மருமகள் இதழினியோடு ஒரே வீட்டில்தான் வாசம். மூவரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர் மனதில் இருப்பது மற்றவருக்கு உடனுக்குடன் தெரிந்துவிடுவதால், பேச எதுவும் மிஞ்சவில்லை. "ம்" என்றால்கூட தெளிவி அதைப் பிரித்துச் சொல்லிவிடும். வீட்டில் பகல் முழுவதும் காற்றுக்குழாயின் இரைச்சல்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ருசி சனிக்கிழமை மாலை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நூலகத்தின் பின்னறையில் நான்கு பேர் கூடுவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி விடுவதுபோல் தெளிவியைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். மூன்று மணி நேரம் அவர்கள் காதில் யாரும் எதையும் ஓத மாட்டார்கள். இதற்குச் சபையிடம் தனி அனுமதி வாங்கியிருந்தார்கள். காரணம், குறுக்கெழுத்து.

சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை. வெளியே ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றை வைத்திருக்கும் பூடகமான குறிப்புகள் கொண்டது. தெளிவியோடு அதைப் பார்ப்பதில் பிரயோசனமே இல்லை. குறிப்பைப் படித்த மாத்திரத்தில் விடையைக் காதில் சொல்லிவிடும். கறிவேப்பிலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஊட்டிவிடுகிற மாதிரி.

கட்டங்களைப் போட்டுக் குறிப்பு எழுதுவது வேதநாயகி. மற்ற மூவரும் அவிழ்ப்பவர்கள். சுரங்கம் தோண்டும் இயந்திரத்தை ஓட்டும் இருதயராஜ், பெரிய குரலும் சிறிய பொறுமையும் உள்ளவர். அவருடைய தாத்தா தூத்துக்குடியிலிருந்து வந்தவர், அந்தப் பேச்சு மட்டும் இன்னும் செவ்வாய்க்காற்றில் காயாமல் இருந்தது. டாக்டர் பரக்கத் நிஸா, முப்பது வயது, எல்லோருக்கும் செல்லம். பள்ளிக்கூட வாத்தியார் மாசிலாமணி வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருப்பவர்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விடை தெரிந்தவர் அதைச் சொல்லக்கூடாது. தன் முன்னால் இருக்கும் டம்ளரைக் கவிழ்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லா டம்ளரும் கவிழ்ந்த பிறகுதான் விடையை உரக்கச் சொல்லலாம். டம்ளர் கவிழாதவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தவிப்பதை மற்றவர்கள் பார்த்து ரசிப்பார்கள். அந்த ரசனையில் ஒரு துளி விஷமம் உண்டு, நிறைய அன்பும் உண்டு. வேதநாயகிக்கு அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் விடிந்தன.

அந்தச் சனிக்கிழமைக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. தெளிவி இல்லாமல் நான்கு பேர் மூன்று மணி நேரம் அடைந்து கிடப்பது ஊருக்கு நல்லதா என்று யாரோ ஒரு புண்ணியவான் மனுக் கொடுத்திருந்தார். விசாரிக்கச் சபை தணிக்கை எந்திரத்தை அனுப்பியது. அது ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கும். ஒருவர் பேச்சை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு ஒரே ஒரு சண்டை வந்தாலும் போதும், அனுமதி ரத்து. எந்திரத்தின் சிபாரிசைச் சபை மறுக்க முடியாது, சட்டம் அப்படி. அதனால் ஊரில் எல்லோரும் அதைப் பயபக்தியோடு 'தணிக்கையார்' என்றே அழைத்தார்கள்.

தணிக்கையார் சரியாக மூன்று மணிக்கு வந்தது. மனித உயரம், சாம்பல் நிறம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான ஒரு தட்டு. அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தது.

"நாற்காலிகள் ஐந்து இருக்கின்றன" என்றது.

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருதயராஜ் வேதநாயகியின் காதருகே குனிந்தார். "அக்கா, நாலு பேருக்குத்தான லைசென்சு. அஞ்சாவது எதுக்குன்னு குத்திக் காட்டுதாரு."

"இல்லீங்க, தனக்கும் ஒண்ணு போட்டு வச்சதுக்கு நன்றி சொல்றார்" என்று முணுமுணுத்தார் மாசிலாமணி.

"உக்காரச் சொல்லலையேன்னு வருத்தமோ என்னமோ" என்றாள் நிஸா.

தணிக்கையார் எண்ணிப் பார்த்தது, ஐந்து இருந்தன, சொன்னது. அதற்கு மேல் அதனிடம் எதுவும் இல்லை. ஆனால் வாரா வாரம் பூடகத்தையே சாப்பிட்டு வளர்ந்தவர்களிடம் இதை யார் சொல்வது?

வேதநாயகி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அதில் உட்கார்ந்ததும் தணிக்கையார் மேஜைமேல் இருந்த சொம்பைப் பார்த்து, "தண்ணீர் குளிர்ந்திருக்கிறது" என்றது. நிஸா ஓடிப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். எந்திரம் தண்ணீர் குடிக்காது என்பது திரும்பி வரும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

ஒருவழியாகக் கட்டம் விரிக்கப்பட்டது. வேதநாயகி முதல் குறிப்பை வாசித்தாள். "பகல்விளக்கில் கிடைத்த படிப்பு. மூணு எழுத்து." வாசித்து முடிப்பதற்குள் மூன்று டம்ளர்கள் கவிழ்ந்தன. பகல்விளக்கு என்ற சொல்லுக்குள்ளேயே 'கல்வி' ஒளிந்திருந்தது. வந்தவருக்கு மரியாதையாக அவள் வைத்திருந்த சுலபமான குறிப்பு அது.

"பகலில் விளக்கு தேவையில்லை" என்றது தணிக்கையார்.

மின்சாரம் வீணாகிறது என்று சொல்கிறதோ என்று பயந்து இருதயராஜ் ஒரு விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.

எட்டாவது குறிப்புக்கு வரும்போது எல்லோருக்கும் சூடு பிடித்திருந்தது. எந்திரத்தைக்கூட மறந்துவிட்டார்கள். "படத்தின் நடுவை விழுங்கிய பாம்பு மேடை ஏறும். நாலு எழுத்து."

"பாம்பு மேடை ஏறாது. செவ்வாயில் பாம்பும் இல்லை" என்றது தணிக்கையார்.

வேதநாயகிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவிழ்ப்பவர்கள் மூவரும் நெற்றியைச் சுருக்கினார்கள். நல்லபாம்பா, மலைப்பாம்பா, எந்தப் படம், தலையின் படமா சுவரின் படமா? ஐந்து நிமிடம் ஓடியது. திடீரென்று இருதயராஜ் டம்ளரைப் படாரென்று கவிழ்த்தார். முகமெல்லாம் பல்.

மாசிலாமணி அவரைப் பார்த்தார். "அடேயப்பா, இவ்வளவு சீக்கிரமாவா கண்டுபிடிச்சிட்டீங்க!" என்றார்.

வேதநாயகிக்குப் பகீர் என்றது. ஏனென்றால் போன வாரம்தான் இருதயராஜ் தெளிவியைக் கழற்ற மறந்து உள்ளே வந்து, நிஸா பார்த்துச் சொன்னபிறகு வழிந்துகொண்டே போய்க் கழற்றினார். மாசிலாமணி பாராட்டுகிறாரா, அல்லது இன்றைக்கும் காதில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்கிறாரா? இருதயராஜின் கழுத்து நரம்பு புடைத்தது. தணிக்கையாரின் தட்டையான முகம் மெதுவாக அவர் பக்கம் திரும்பியது. இவர் வாயைத் திறந்தால் சனிக்கிழமை போயிற்று. இனி வாழ்நாள் முழுவதும் காற்றுக்குழாய் இரைச்சல்தான். வேதநாயகி மேஜைக்கு அடியில் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

இருதயராஜ் யோசித்தார். அவர் காதில் யாரும் எதையும் ஓதவில்லை. இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். எட்டு வருடமாகச் சேர்ந்து உட்கார்ந்து புதிர் போட்ட மனுஷர், போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். பாராட்டாகவே இருக்கட்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

"எல்லாம் உங்ககூட உக்காந்து கத்துக்கிட்டதுதான் வாத்தியாரே" என்றார்.

உண்மையில் மாசிலாமணி குத்தலாகத்தான் சொன்னார். இந்தப் பதில் வந்ததும் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. சொம்பிலிருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி கட்டத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் மீதி டம்ளர்களும் கவிழ்ந்தன. பாம்பு என்றால் நாகம், 'படம்' என்ற சொல்லின் நடு எழுத்து 'ட', நாகம் அதை விழுங்கினால் நாடகம். "வேதாக்கா, சூப்பர்" என்று நிஸா கைதட்டினாள்.

ஆறு மணிக்கு வாசலில் நின்று எல்லோரும் தெளிவியை ஒட்டிக்கொண்டார்கள். தணிக்கையார் விடைபெற்றது. "மூன்று மணி நேரம் நன்றாகப் போனது. முடிவைப் புதன்கிழமை சபையில் சொல்கிறேன்."

நான்கு காதுகளிலும் தெளிவி ஒரே சமயத்தில் சொன்னது: "உட்பொருள் எதுவும் இல்லை."

"என்னவே இது, நாலும் ஒண்ணா ரிப்பேராயிட்டா?" என்றார் இருதயராஜ்.

தெளிவி அப்படிச் சொல்லி யாரும் அதுவரை கேட்டதில்லை. உட்பொருள் இல்லாமல் ஒரு பேச்சு இருக்கும் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. 'போனது' என்று ஏன் சொன்னது, 'இருந்தது' என்று சொல்லியிருக்கலாமே என்று வேதநாயகி மூன்று நாளும் மண்டையை உடைத்துக்கொண்டாள். போனது என்றால் போயே போய்விட்டது என்றுதானே? பாசித் தொட்டியில் உப்பைக் கூடுதலாகக் கொட்டி, அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை சபை கூடியது. தலைவர் அறவாழி, "குறுக்கெழுத்துக் கூட்டத்தில் தவறாகப் புரிந்துகொண்டதால் சண்டை வந்ததா?" என்று கேட்டார்.

"தவறாகப் புரிந்துகொண்டார்கள். பலமுறை. என்னைப் பற்றி மட்டுமே பதினாறு தடவை. சண்டை வரவில்லை" என்றது தணிக்கையார். "ஒருவர் ஒரு வாக்கியம் சொன்னார். அதற்கு நல்ல பொருளும் இருந்தது, கெட்ட பொருளும் இருந்தது. கேட்டவர் நல்லதை எடுத்துக்கொண்டார். தெளிவி அணிந்திருந்தால் அவருக்கு அந்த வசதி இருந்திருக்காது. இதைக் கண்டபின், ஒப்பிடுவதற்காக ஊரின் மற்ற பகுதிகளிலும் எண்ணினேன். மூன்று நாட்களில் நானூற்றுச் சொச்சம் சண்டைகள்."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருக்க முடியாதே! நம்ம கணக்குல இருபது வருஷமா ஒரு சண்டைகூடக் கிடையாது. அந்த நானூறுல தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வந்தது எத்தனை?"

"ஒன்றும் இல்லை. எல்லாமே சரியாகப் புரிந்துகொண்டு போட்ட சண்டைகள். உங்கள் கணக்கில் அதற்குக் கட்டம் இல்லை."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வேதநாயகி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். தணிக்கையார் தன் சிபாரிசைச் சொன்னது. குறுக்கெழுத்துக்காரர்களுக்குக் கொடுத்திருக்கும் சலுகையை ஊர் முழுவதற்கும், எல்லா நாளைக்கும் நீட்டிக்கலாம். தெளிவி இனிமேல் கட்டாயம் இல்லை. காற்றுக்குழாய்களுக்கு இப்போது பூட்டு இருந்ததால் சபையும் துணிந்து கைதூக்கியது.

வேதநாயகிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சனிக்கிழமை பிழைத்தது. அது போதும் அவளுக்கு. வெளியே வந்ததும் தணிக்கையாரின் உலோகக் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மறக்கவே மாட்டோம்" என்றாள்.

"நானும் உறுப்பினராகலாமா?" என்று கேட்டது அது. வேதநாயகி, பழக்கம் விடாமல், இதற்கு என்ன அர்த்தமாக இருக்கும் என்று சற்று யோசித்துவிட்டுத்தான் சரி என்றாள்.

ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவியைக் கழற்றியது. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒரே வாரத்தில் கழற்றிவிட்டார்கள், ஏனென்றால் போட்டிருந்தவரோடு யாரும் வாய் கொடுக்கவில்லை. செங்குடியில் சத்தம் திரும்ப வந்தது. வாசல்களில் நின்று மணிக்கணக்கில் பேசினார்கள். பேசிவிட்டு உள்ளே போய், வெளியே பேசியதைப் பற்றிப் பேசினார்கள். கோமளாவின் மகள் கல்யாணத்துக்கு ஊரே திரண்டு வந்து, இரண்டாம் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனது.

மூன்றாவது சனிக்கிழமைக்காக வேதநாயகி தன் வாழ்நாளிலேயே சிறந்த கட்டத்தைத் தயாரித்திருந்தாள். ஒவ்வொரு குறிப்பும் முத்து. மூன்று மணிக்கு நூலகத்துக்குப் போனாள். ஐந்து நாற்காலியில் ஒன்றில் தணிக்கையார் உட்கார்ந்திருந்தது. வேறு யாரும் இல்லை.

இருதயராஜைக் கூப்பிட்டாள். "நான் இன்னிக்கு வரலக்கா" என்றார் அவர். "எங்க மேனேஜர் நேத்து என் தோள்ல கையப் போட்டு, 'உங்களுக்கும் வயசாவுதுல்லா, உடம்பப் பாத்துக்கிடுங்க'ன்னாரு. அக்கறையில சொன்னாரா, ஆளக் கழிக்கப் பாக்காரான்னு விடிஞ்சதுலேருந்து ஒக்காந்து யோசிக்கேன். வாத்தியாரும் இங்கதான் இருக்காரு. ரெண்டு பேருமாப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கோம். சோறுகூட இறங்கல, போங்க." அவர் குரலில் இவ்வளவு உற்சாகத்தை வேதநாயகி கேட்டதே இல்லை.

நிஸாவின் போனில் பின்னால் ஏழெட்டுப் பெண்களின் குரல் கேட்டது. "அக்கா, என்னைப் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க 'யோசிச்சுச் சொல்றோம்'னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. எங்க சின்னம்மாக்கள் மூணு பேரும் வந்து உக்காந்திருக்காங்க. அதுவும் மாப்பிள்ளையோட அம்மா, போறப்ப பலகாரத் தட்டைப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சாங்களாம். அது எதுக்குன்னு இன்னும் பிடிபடல. அடுத்த வாரம் பாப்போம் அக்கா."

வேதநாயகி போனை வைத்தாள். கட்டத்தைப் பார்த்தாள். மனசு கொஞ்சம் கனத்தது. சரி, இருக்கிற ஒருவரோடாவது ஆரம்பிப்போம் என்று முதல் குறிப்பை வாசிக்க வாயெடுத்தபோது போன் மறுபடி அடித்தது. மருமகள் இதழினி.

"அத்தை, ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்?"

"தோசை போதும்மா. இல்ல, நீ களைப்பா இருந்தா நான் வந்து உப்புமா கிண்டிடறேன்."

அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம். பிறகு, "உங்க இஷ்டம் அத்தை" என்று சொல்லிவிட்டு இதழினி வைத்துவிட்டாள்.

வேதநாயகி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். உங்க இஷ்டம். வந்து கிண்டுங்கள் என்கிறாளா? தயவுசெய்து உப்புமா மட்டும் வேண்டாம் என்கிறாளா? களைப்பா என்று கேட்டது தப்பாகப் போயிற்றோ? நடுவில் ஏன் அந்த மௌனம்? கோபம் என்றால் கடைசியில் 'அத்தை' எதற்கு? பாசம் என்றால் ஏன் டக்கென்று வைத்தாள்?

"அவர் முடிவை உங்களிடம் விட்டிருக்கிறார்" என்றது தணிக்கையார்.

வேதநாயகி அதை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தாள். "உங்களுக்கு இதெல்லாம் புரியாது தணிக்கையாரே. நீங்க வேணும்னா இதை வச்சுக்கிட்டு இருங்க" என்று தன் வாழ்நாளின் சிறந்த கட்டத்தை அதன் முன்னால் தள்ளிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

கூடத்தில் சேந்தன் இருந்தான். அவனைப் பிடித்து எதிரில் உட்கார வைத்து, குரலைத் தாழ்த்தி, "உன் பெண்டாட்டி 'உங்க இஷ்டம்'னு சொன்னாடா. என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"எனக்கும் காலைல அதையேதாம்மா சொன்னா. நானும் அப்பலேருந்து யோசிச்சிட்டிருக்கேன்" என்றான் சேந்தன்.

அப்போது சமையலறையில் ஒரு பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைத்த சத்தம் கேட்டது. தாயும் மகனும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். வேதநாயகி முகம் மலர நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அடடா, அடுத்த குறிப்பும் வந்துடுச்சு" என்றாள்.